மேசையில் மிஞ்சிய இரும்பு

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் தங்கச்சியும் சுகமா என்பது இதை எழுதும் இந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள். நான் எழுதப் பழகியது இப்போதுதான் என்பது பாதிக் காரணம், மீதிப் பாதி பயம். மாலை வகுப்பு டீச்சர் கோட்டுக்குள் நிறுத்தச் சொன்ன எழுத்துகள் இன்று கோட்டைத் தாண்டி ஓடுகின்றன, பிடித்து நிறுத்த எனக்குத் தெம்பு இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். நீ விட்டுப்போன மோட்டார் சைக்கிளின் சீட்டு வெயிலில் வெடித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சு உதிர்ந்து, உட்காருகிறவர் துணியெல்லாம் மஞ்சள் தூளாக ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் கொடுத்து மாற்றலாம் என்றாள் தங்கச்சி. நான்தான், இத்தனை வீடு கட்டிய கொத்தனாருக்கு ஒரு சீட்டுக்கு உறை போடத் தெரியாதா என்று வீறாப்பாகப் பேசி, சீட்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டேன். பழைய உறையின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் புது ரெக்சின் மேல் வைத்து, சாக்பீசால் வரைந்து வெட்டினேன். தையலுக்கு ஓரம் விட வேண்டும் என்பது முதல் தடவை எனக்குத் தெரியவில்லை, கோட்டின் மேலேயே வெட்டிவிட்டேன். தைத்து மாட்டிப் பார்த்தால் பெரிய ஆள் தலையில் குழந்தைத் தொப்பியை வைத்த மாதிரி நின்றது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, நீங்க கட்டின வீடெல்லாம் இன்னும் நிக்குதான்னு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

இரண்டாவது தடவை ஒரு விரல் அகலம் ஓரம் விட்டு வெட்டினேன். வீட்டில் தையல் மெஷின் இல்லை, கோணி ஊசியால் கையாலேயே தைத்தேன். ரெக்சினை வெயிலில் காட்டிச் சூடேற்றினால் கொஞ்சம் இழுபடும் என்பதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கருநீலம், ஓரமெல்லாம் சிவப்புக் கரை, பின்பக்கம் வெள்ளை நூலில் என் கையெழுத்திலேயே "மெதுவாக" என்று ஒரு சொல். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "இது பின்னாடி வர்றவனுக்கா, எனக்காப்பா?" என்று கேட்டாள். படிக்கத் தெரிந்த யாருக்கும்தான் என்றேன். எனக்கு அன்று எவ்வளவு பெருமை என்று உனக்குப் புரியும்.

இன்று காலை உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள், ஆபரேஷன் செய்த ஒரு கண்ணில் இன்னும் கட்டு இருக்கிறது. சீட்டை வண்டியில் வைத்து அழுத்தினேன், டக் என்று சத்தம் வந்தது, மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன், அசையவில்லை. யானை ஏறினாலும் தாங்கும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். தங்கச்சி ஓட்ட, உன் அம்மா வழக்கம்போல பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனாள். அவர்கள் தெரு திரும்பியதும் மேசையைச் சுத்தம் செய்ய வந்தேன். வெட்டி மிஞ்சிய ரெக்சின் துண்டுகளை அள்ளினால் அடியில் உள்ளங்கை நீள இரும்புப் பட்டை ஒன்று, கூடவே அதன் போல்ட்டுகள். சீட்டின் அடியில் முன்பக்கம் இருக்கும் பட்டை அது, வண்டிக் கம்பிக்குள் நுழைந்து சீட்டைப் பிடித்துக்கொள்வது. உறையை இறுக்கி இழுக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று நான்தான் கழற்றி வைத்தேன். திரும்பப் பூட்டவில்லை.

தங்கச்சிக்குப் போன் செய்தேன், வண்டி ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள். உன் அம்மாவுக்குச் செய்தேன், அது அடுப்படியில் மாவு டப்பா மேல் உட்கார்ந்துகொண்டு மணி அடித்தது. இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடினேன், நாம் எல்லாரும் 'கிரீஸ்' என்று கூப்பிடுகிறவரிடம்தான். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழுத்திப் பாத்தா எல்லாம் நிக்கும் பெருசு, தூக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் எங்கே தூக்கிப் பார்த்தேன். சுவர் கட்டுகிறவன் பாரம் கீழே இறங்குவதை மட்டும்தான் யோசிப்பான். பின்னாடி பூட்டு மட்டும்தான் பிடித்திருக்கிறது, மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது, பிரேக் பிடித்தால்தான் முன்பக்கம் கிளம்பும் என்றார். "பாப்பா மெதுவாத்தானே போகும்?" என்றார். உன் தங்கச்சி வண்டி ஓட்டும் வேகம் உனக்கே தெரியும். அவர் பாதியில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, இரும்பையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவர்கள் போன வழியே போயிருக்கிறார். என்னை வீட்டில் இருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். அடிக்கிறேன், ஒரு வரி எழுதுகிறேன், மறுபடி அடிக்கிறேன். பாலத்தில் லாரி நெருக்கும். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு உன் அம்மாவுக்குப் பள்ளம் மேடு தெரியாது. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போகிறேன், போய்ப் பார்க்கவும் பயமாக இருக்கிறது, யாராவது வந்து சொல்லிவிடுவார்களோ என்று. பேனாவைக் கீழே வைத்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தப்பாக எழுதியதை அடிக்கக்கூட இல்லை.

பெரியவனே, மேலே உள்ள வரி முடியும்போது தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. இருக்கிறார்கள். சிக்னலில் பிரேக் பிடித்ததும் சீட்டு முன்பக்கம் எழும்பி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது, உன் அம்மா சரிந்து காலை ஊன்றி, தடுமாறி முழங்காலில் விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த வண்டி நின்றுவிட்டது. முழங்கால் சிராய்ப்பு, ஒரு செருப்பு போய்விட்டது, கண் கட்டுக்கு ஒன்றும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார். கிரீஸ் அங்கேயே இரும்பைப் பூட்டிவிட்டாராம். அம்மா போனை வாங்கி, "சீட்டு நல்லா மெத்துன்னுதாங்க இருக்கு, வண்டியிலதான் இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அம்மா, "அவன் அங்க தனியா இருக்கான், இதைப் படிச்சா சாப்பாடு இறங்குமா, கிழிச்சுப் போடுங்க, எல்லாரும் நல்லா இருக்கோம்னு நாலு வரி எழுதுங்க" என்கிறாள். அந்த நாலு வரியைத்தான் இத்தனை காலம் பக்கத்து வீட்டுக்காரர் கையால் உனக்கு எழுதி அனுப்பினேன். அடுத்தவர் உட்கார்ந்து எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது. போனிலும் முடியாது, உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். இது நானே எழுதியது, கிழிக்க மனம் வரவில்லை. அவளுக்குத் தலையாட்டிவிட்டு மடித்து வைத்தேன், அவள் உள்ளே போனதும் மறுபடி விரித்து முடிக்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல தூக்கத்தோடும் இரு. அம்மா போனில் பேசும்போது எதுவும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, முழங்கால் எப்படி என்று வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதே. அடுத்த வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறேன், அதற்குள் எழுத்து கோட்டுக்குள் நின்றுவிடும்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா