உம் கொட்டியவளுக்கு

அடியே,

இன்று காலை கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் பச்சை மொச்சை வந்திருந்தது, தள்ளுவண்டி நிறைய. பையில் அள்ளிப் போடும்போதே அந்த வாடை விரலில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மொச்சை வாடை வந்தால் மற்றவர்களுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு ஞாபகம் வரும். எனக்கு எம்.ஏ. வரலாறு ஞாபகம் வருகிறது. கூடவே நீயும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நீ. தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர் உன் அப்பா. அதனால் உனக்கு இரண்டு வாய்: பேரம் பேச மெட்ராஸ் பாஷை, என்னைத் திட்ட நெல்லைப் பாஷை. காலை ரயிலில் ஆவடியிலேயே ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பாய். கொரட்டூரில் நான் ஏறுவதற்குள் அந்த இடத்துக்கான சண்டையெல்லாம் முடிந்திருக்கும். "ஏட்டி, உனக்காக ஒரு அம்மாகிட்ட சாபம் வாங்கியிருக்கேன். சீக்கிரம் உக்காரு" என்பாய். வகுப்பில் பாதிப் பேர் அரசாங்கத் தேர்வுக்குத் தயாராக வந்தவர்கள். வரலாறு படிப்பதற்காகவே வரலாற்றுக்கு வந்தது நாம் இரண்டு பேர்தான் என்று உனக்கு ஒரு கர்வம். எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

எங்கள் வீட்டு நிலவரம் உனக்குத் தெரியும். "சரித்திரம் படிச்சு இன்னா பண்ணப் போறா? செத்துப்போன ராஜாவையா கட்டிக்கப் போறா?" என்று மாமா குதித்தார். "என் பொண்ணு படிப்பா. நீ டீயக் குடி" என்று அம்மா வாயை அடைத்தாள். ஆனாலும் மாமா விடவில்லை. படிப்பு இரண்டு வருடத்தில் முடிய வேண்டும், ஒரு பருவம் தள்ளிப்போனாலும் அவர் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைதான் என்று ஒப்பந்தம் ஆனது. ஆய்வேட்டைக் காலத்தில் கொடுப்பது எனக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன பெண்களைப் பற்றியது என் ஆய்வு. அம்மாவும் அவர்களில் ஒருத்தி. ஸ்க்ரூ கம்பெனிக்கு அவள் ஓடியதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அவளையும் அவள் தோழிகளையும் பேச வைத்துச் செல்போனில் பதிவுசெய்தேன். இயல் இயலாக எழுதித் தள்ளினேன். அதில் மிகைநேரப் பணிக்கென்றே ஓர் இயல். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்காக ஜன்னலில் நான் காத்திருந்ததை நினைத்து நினைத்து, கண்ணீர் விட்டு எழுதியது அது. நெறியாளரும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

ரயிலில் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவுகளைக் கேட்டோம். வில்லிவாக்கம் வருவதற்குள் நீ கழற்றிவிட்டாய்.

"ஏட்டி, இதுல பேசுறது யாரு?"

"எங்கம்மாதான்."

"இல்ல, நீ. உங்கம்மா ஆமாங்கறாங்க, அம்புட்டுதான்."

உண்மைதான். 'அப்போல்லாம் வேலைக்குப் போறது ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும், இல்ல?' என்று நான் கேட்க, 'ஆமா, கஷ்டம்தான்' என்று அவள் சொல்கிறாள். 'ஓவர்டைம்னு உங்கள ரொம்பப் பிழிஞ்சாங்க, இல்ல?' 'ஆமா.' அடுத்தவரும் ஆமா, அதற்கடுத்தவரும் ஆமா. எல்லாப் பதிவும் ஒரே அச்சு. "தீர்ப்ப எழுதி வெச்சுட்டு சாட்சியக் கூப்பிட்டிருக்க. இத வெச்சுக்கிட்டு எழுதினா, உன் மனசோட வரலாறுன்னு வேணா தலைப்பு போடு" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னைப் பெட்டியிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நீயோ உன் ஆய்வேட்டை முன்பே முடித்து பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டவள். வயிறு எரியாதா?

மறுநாள் காலை நீ பிடித்து வைத்திருந்த இடத்தில் ஒரு பை மொச்சை உட்கார்ந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வாரேன். உங்கம்மா சேக்காளிகளயும் வரச் சொல்லு. நீ மட்டும் வாயத் தொறக்கக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில் செய்தித்தாளை விரித்து மொச்சையைக் கொட்டினாய். பதிவுசெய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு செல்போனை நடுவில் வைத்தாய். "கைக்கு வேலை குடுத்தா வாய் தன்னால தொறக்கும்" என்பது உன் கட்சி. முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டால் மனிதர்கள் சாட்சி சொல்வார்கள், மொச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை சொல்வார்கள் என்பாய். அன்று நீ கேட்டது ஒரே கேள்வி.

"வேலைக்குப் போற அன்னிக்கு, காலைல எந்திரிச்சதுலருந்து சொல்லுங்கம்மா."

அதற்குப் பிறகு வெறும் 'ம்'.

அம்மா பேச ஆரம்பித்தாள். ஏரிக்கரை ஓரமாகக் கூட்டமாக நடந்து போனது, யார் டப்பாவில் என்ன என்று மோப்பம் பிடித்தது. "ஊட்ல நானு இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு மருமவ. கம்பெனிலதான் என்னப் பேரு சொல்லிக் கூப்டுவாங்கோ. என் பேரு எனக்கே அங்கதான் கேட்டுச்சு" என்றாள். நீ 'ம்' என்றாய். ஒரு தோழி அம்மாவின் இடுப்பில் இடித்து, "ஓவர்டைமு மேட்டரச் சொல்லு" என்றாள். அம்மா என்னைத் தயக்கத்தோடு பார்த்தாள். 'ம்' என்றாய் நீ, அப்புறம் என்கிற மாதிரி.

"சனிக்கிழம ஷிப்ட் முடிஞ்சதும் எல்லாரும் மேட்னி போய்டுவோம். ஊட்ல ஓவர்டைமுன்னு சொல்லிகினு."

கூடமே சிரித்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் கண்ணீர் விட்டு எழுதிய இயல் முழுக்கத் தியேட்டரில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் அம்மா தன் சுட்டுவிரலைத் தடவினாள். பிரஸ் மெஷினில் அடிபட்டு நுனி போன விரல். ஏதோ கேட்க நான் வாயெடுத்தேன். நீ என் தொடையில் கிள்ளினாய். மொச்சை உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மாவே தொடங்கினாள்.

"இது போனப்போ நானு வலிக்குதுன்னு அழல. நாளைலேர்ந்து வர வாணாம்னு சொல்லிடுவாங்களோன்னுதான் அழுதேன்."

உனக்கும் 'ம்' சொல்ல வரவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இந்த முறை அவளுக்காக. அத்தனை வருடம் நான் பரிதாபப்பட்ட அம்மா வேறு யாரோ. விரல் போனதும் உண்மை, மேட்னி போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால்தான் அது வரலாறு என்று அன்று எனக்குப் புரிந்தது.

எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். நீ ரயிலிலேயே பக்கம் பக்கமாகப் படித்து, "யாரு சொன்னா? நீயா, அவங்களா?" என்று ஓரத்தில் கிறுக்கிக் கொடுத்தாய். கடைசி நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "தொழிலாளர் வரலாறு என்கிறீர்கள், இதில் மேட்னி ஷோவுக்கு என்ன வேலை?" கதவுக்கு வெளியே நீ நிற்பது எனக்குத் தெரியும். குரல் நடுங்காமல் சொன்னேன்: "கஷ்டத்தை மட்டும் எழுதினால், அவர்கள் ஏன் மறுநாளும் வேலைக்குப் போனார்கள் என்பதைச் சொல்ல முடியாது, சார்." அவர் என் ஆய்வேட்டைத் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பட்டமும் வாங்கினேன். மாமாவின் மாப்பிள்ளை வேறு வாசலுக்குப் போனார்.

உன்னைக் கொண்டுபோன காய்ச்சலைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. கோபம்தான் வருகிறது. இடம் பிடித்து வைப்பவள் முந்திப் போவாள் என்று என்னை நானே தேற்றிப் பார்க்கிறேன், தேறவில்லை. நீ போன பிறகு உன் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை எடுத்து ஓட விட்டேன். பாவி, அந்த ஒரு கேள்வியைத் தவிர அதில் நீ பேசவே இல்லை! ஊரே பேசுகிறது, அடியில் நீ உம் கொட்டிக்கொண்டிருக்கிறாய். அத்தனை பெரிய வாயை வைத்துக்கொண்டு எப்படி அடக்கினாயோ.

இப்போது பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நன்றாகவே எடுக்கிறேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தகவல் திரட்டப் போகும் பிள்ளைகளிடம் கேள்விப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு உரிக்க ஏதாவது வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். பதிவோடு திரும்பி வரும்போது சிரிப்பதில்லை. நானும் விடவில்லை. போன வாரம் சென்னீர்குப்பத்தில் ஓர் அம்மா, கம்பெனி பஸ்ஸில் போன காலத்தைப் பேசித் தீர்த்தார். நான் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டு கேட்டேன்.

இன்று மத்தியானம் கூடத்தில் அம்மாவோடு மொச்சை உரிக்கும்போது, சென்னீர்குப்பத்தில் நான் எடுத்த பதிவை ஓட விட்டேன். அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. கொஞ்ச நேரம் கேட்டவள், உரிப்பதை நிறுத்திவிட்டு செல்போன் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"நடு நடுவுல ம்முன்னு சொல்றது அந்த ஆவடிப் பொண்ணுதானே? இதுலயும் அது இருக்குதா?"

பதிவில் நான் இன்னொரு முறை உம் கொட்டினேன். எனக்கே அது உன் குரலாகத்தான் கேட்டது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றேன்.