அழுத்துவதற்கு முந்தைய அரை நொடி

தெம்பனிஸில் இருக்கும் உன் வீட்டுக்குக் கிளம்புவதற்காக இன்று காலை உன் கேமராவை வெளியே எடுத்தேன். நீ வைத்திருந்த அதே பிஸ்கட் டப்பாதான், மாற்றவில்லை. மூடியைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. வேலை முடிந்து தலைவலியோடு நெற்றியில் தைலம் தேய்ப்பாய், அதே கையோடு கேமராவைத் தூக்குவாய். கைப்பிடி ரப்பரில் அந்த வாசனை ஏறிப்போய்விட்டது. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கண்ட காலணிப் பெட்டிகளிலிருந்தெல்லாம் பொறுக்கிச் சேர்த்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இன்னும் அடியில் கிடக்கின்றன. அவை எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் தூக்கிப் போடவில்லை.

என் கேமரா விளக்கு எரியும் கண்ணாடி அலமாரியில், ஈரக்காற்று படாமல் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. அதை வாங்கிய நாளில் நீயும் கூட வந்தாய். வராமல் இருந்திருக்கலாம். பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாய். பெட்டியில் இருக்கும் எண்ணும் கேமராவில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று இரண்டு தடவை ஒப்பிட்டாய். கடைக்காரர் சிரித்தபடி தேநீர் வேண்டுமா என்று கேட்க, நீ என் காதருகே குனிந்து, "ஏன் இவ்ளோ சிரிக்கிறான் இவன்? மறுபடியும் பெட்டியப் பாரு லா" என்றாய். எனக்கு மானம் போனது.

உன்னைக் குறை சொல்லியும் பயனில்லை. சாங்கியில் விமானத்துக்குப் போகும் சரக்குப் பெட்டிகளை எக்ஸ்ரே திரையில் பார்த்து அனுப்புவது உன் வேலை. நாள் முழுக்க மூடிய பெட்டிகளுக்குள் எதையோ தேடுகிறவன், வெளியே வந்ததும் எப்படி நம்புவான்? "சுத்தமா தெரிஞ்சா ரெண்டாவது தடவ பாரு" என்பது உன் வேலையிடத்துப் பழக்கம். அதை நீ சந்தையில் வாங்கும் மீனுக்கும் வைத்திருந்தாய், மகளுக்கு வந்த மாப்பிள்ளைகளுக்கும் வைத்திருந்தாய், கடைசியில் என் கேமராவுக்கும் வைத்தாய்.

அந்தத் தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் ஒரே இடத்தில் நின்று இருவரும் ஒரே படத்தை எடுத்தோமே, நினைவிருக்கிறதா? பூக்கடை, அதன் மேல் தோரண விளக்கு, கடைக்குள் மாலை கட்டும் பெண். உன்னுடையது புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விற்ற மலிவான பிளாஸ்டிக் கேமரா, அதுவும் கிழடு தட்டியது. படத்தில் விளக்குகள் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறியிருந்தன. கடைக்குள் இருட்டு, இருட்டில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். என் படத்திலோ அந்தப் பெண் விரலில் சுற்றியிருந்த நூல்கூடத் தெரிந்தது. பெருமையோடு உன்னிடம் நீட்டினேன். நீ படத்தைப் பார்த்தாய், கடையைப் பார்த்தாய், மறுபடியும் படத்தைப் பார்த்தாய்.

"கடைக்குள்ள அவ்ளோ வெளிச்சம் இல்லயே. இது எங்கேருந்து வந்துச்சு?"

"கேமராதான் இழுத்துக் கொடுக்குது."

"இல்லாததயா?"

உண்மையைச் சொல்கிறேன், என் கேமரா உன்னுடையதைவிட எல்லா வகையிலும் நல்ல கேமராதான். இதை நீ உயிரோடு இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த வெளிச்சம் என் கண்ணிலும் உறுத்த ஆரம்பித்தது. உன் வியாதி எனக்குத் தொற்றியது அங்கேதான்.

உனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் என் கேமராவின் மௌனத்தின் மீது. உன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 'டக்-சளக்' என்று ஊரைக் கூட்டும். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட கார்டு போடாமல் அதைச் சும்மா அழுத்திக்கொண்டிருப்பாய். உன் மனைவி அடுப்படியிலிருந்து, "அந்தச் சத்தத்த நிறுத்துங்களேன், மண்டைய இடிக்குது" என்று கத்துவார். "உயிரோட இருக்கான்னு பாக்கறேன்" என்பாய். என் கேமராவில் சத்தமே கிடையாது. எடுத்தேனா இல்லையா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் நான் உன்னை நோக்கி அதைத் தூக்கினால், நீ லென்ஸைப் பார்க்க மாட்டாய், என் ஆள்காட்டி விரலைப் பார்ப்பாய். விரல் லேசாக இறுகியதும் உன் முகமும் இறுகிவிடும். என்னிடம் இருக்கிற உன் படங்கள் அத்தனையிலும் நீ ஏதோ பெட்டியைத் திறக்கச் சொல்லப் போகிறவன்போலத்தான் நிற்கிறாய்.

நீ போன பிறகு அதுதான் சிக்கலாகிவிட்டது.

வீட்டில் மாலை போட்டு வைத்திருந்தது உன் வேலை அடையாள அட்டைக்காக எடுத்த படம். முதல் வருஷப் படையலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது உன் மனைவி என்னை அழைத்தார். "அண்ணே, வீட்டுக்குள்ள வர்றவங்கள எல்லாம் செக் பண்ணி அனுப்புற மாதிரியே இருக்காரு. விளக்கேத்தப் போனா என்னையே ஏதோ கேக்கற மாதிரி இருக்கு. அவரு அப்படி இல்லண்ணே. உங்களுக்குத் தெரியும்ல. சிரிச்ச படம் ஒன்னு, ஒன்னே ஒன்னு இல்லயா உங்ககிட்ட? படையலுக்கு முன்னாடி மாத்திடணும்."

பின்னாலிருந்து உன் மகளின் குரல் கேட்டது. "அங்கிள், நான் ஆப்ல போட்டு டிரை பண்ணேன். அப்பாவ சிரிக்க வெச்சேன். அம்மாக்குப் பிடிக்கல."

"பல்லு அவரோடது இல்லண்ணே" என்றார் உன் மனைவி. "விளம்பரத்துல வர்ற ஆளு மாதிரி வரிசையா வெள்ளையா இருக்கு. யாரோ ஒருத்தன் அவரு சட்டையப் போட்டுட்டு வந்து நிக்கற மாதிரி இருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு, அழிக்கச் சொல்லிட்டேன்."

தேடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். கணினியைத் திறந்து வருஷம் வருஷமாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே முகம். உங்கள் கல்யாண நாள் கொண்டாட்டத்தில் அந்த முகம், உன் மகள் பட்டம் வாங்கிய நாளில் அந்த முகம். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை என் விரலைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் உனக்கு?

கடைசியாகத் தேக்காவில் எடுத்த படத்துக்கு வந்தேன். அதிலும் அதே முகம்தான். ஆனால் அந்தப் படத்தின் ஓரத்தில் சின்ன அடையாளம் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் படங்கள் அடுக்கியிருக்கின்றன என்று அர்த்தம். ஒரு படம் எடுத்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அப்புறம்தான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் விடிந்ததும் கிளமெண்டியில் வாய்க்காலோரம் மீன்கொத்திக்காகக் காத்திருந்துவிட்டு, அப்படியே தேக்கா உணவங்காடிக்கு வந்திருந்தேன். நீ தெம்பனிஸிலிருந்து எனக்கு முன்பே வந்து, வடையும் கோப்பியும் வாங்கி வைத்திருந்தாய். மீன்கொத்தி தண்ணீரிலிருந்து மீனோடு எழும்பும் படத்தைக் காட்டினேன். "எப்படி லா கரெக்டா அழுத்துன?" என்று கேட்டாய், முதல் தடவையாக வியந்து. நானும் உளறிவிட்டேன். பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்திருந்தால் இந்தக் கேமரா உள்ளுக்குள் எடுத்துக்கொண்டே இருக்கும், முழுதாக அழுத்தினால் அதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளும் என்று. உன் வியப்பு அப்படியே வடிந்துவிட்டது.

"அப்போ நீ அழுத்துறதுக்கு முன்னாடியே அது எடுத்துடுச்சு."

"ஆமா."

"அப்போ இது உன் படம் இல்ல. யாரு எடுத்ததுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

நான் வாய் திறப்பதற்குள் மேசைமேல் ஒரு மைனா இறங்கியது. என் தட்டிலிருந்த முழு வடையைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. பறவைக்கென்றே வாங்கிய கேமரா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. 'டக்-சளக்' என்று கேட்டது. உன் கிழட்டு கேமராதான். திரையில் பார்த்தால், மங்கலாக, பாதி இறக்கை வெட்டுப்பட்டு, மைனா வாயில் என் வடை. அதற்குப் பின்னால் நான், வாயைப் பிளந்துகொண்டு. நீ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். "பறவைக்குன்னு வாங்குனியே லா!" என்று சொல்லவும் முடியாமல் சிரித்தாய். ஆத்திரத்தில் என் கேமராவைத் தூக்கினேன். அழுத்தியபோது நீ இறுகிவிட்டிருந்தாய். அதற்கப்புறம் நாம் தேக்காவில் உட்காரவேயில்லை. நெஞ்சுவலி உனக்கு நேரம் கொடுக்கவில்லை.

மீன்கொத்திக்காக வைத்திருந்த அமைப்பை நான் மாற்ற மறந்திருக்கிறேன். அடுக்கைத் திறந்தேன். முதல் படத்தில் கண் இரண்டும் இடுங்கி, தெத்துப்பல் தெரிய, தலை பின்னால் சாய்ந்து நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். அடுத்ததில் தலை நிமிர்கிறது. அடுத்ததில் கண் என் விரலுக்கு வருகிறது. அப்புறம் உதடு மூடுகிறது. உன் சிரிப்பு அடைபடுவதை ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். பிறகு பின்னோக்கி நகர்த்தினேன், உதடு திறந்து நீ மறுபடியும் சிரித்தாய். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. சத்தம் போட்டே அழுதேன்.

அழுது முடித்ததும் நீ கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாய். யார் எடுத்தது? நான் எடுக்கவில்லை. எடுக்க நினைத்தபோது நீ சிரிக்கவில்லை. நீயும் சம்மதிக்கவில்லை, உன் சம்மதம் அந்த இறுகிய முகத்துக்குத்தான். யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் ஒரு இயந்திரம் எடுத்து வைத்ததை உன் வீட்டுச் சுவரில் எப்படி மாட்டுவது? நீ இருந்திருந்தால் மாட்ட விடமாட்டாய். இரண்டு நாள் உன்னோடு சண்டை போட்டேன். பிறகு, சிரித்தது நீதானே, அதைப் பார்க்க ஏங்குவது உன் மனைவிதானே, இதில் என் பெயரும் கேமராவின் பெயரும் எதற்கு என்று சொல்லி, பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

உன் மனைவி படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். கண் கலங்கும் என்று நினைத்தேன். கலங்கவில்லை. சுருங்கியது. உன்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர் அல்லவா?

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இதுவும் ஆப்பா?"

"இல்லம்மா."

"பல்லு சரியாத்தான் இருக்கு. நான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன்னு அந்தத் தெத்துப்பல்லையும் சேத்துப் போடச் சொன்னீங்களா? என் மனசுக்காக? அப்படின்னா வேணாம்ணே. அந்தப் பழைய படமே இருக்கட்டும்."

எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. என் கேமரா எடுத்தது அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு மங்கல் இல்லை. வேறு வழி தோன்றாமல் உன் கேமரா எங்கே என்று கேட்டேன். உன் மகள் அறைக்குள்ளிருந்து பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். கார்டு உள்ளேயே இருந்தது. பேட்டரியைச் சார்ஜில் போட்டு, அது கண் விழிக்கும்வரை மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கடைசிப் படமாக அது இருந்தது. மங்கலான மைனா, என் வடை, என் பிளந்த வாய்.

உன் மனைவி அதையே பார்த்தார். "வடைய மைனா தூக்கிட்டுப் போச்சுன்னு வந்து சொன்னாரு. கத வுடுறாருன்னு நெனச்சேன். நான் நம்பவே இல்லண்ணே" என்றார். என் பிரிண்ட்டை உன் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே மேசை, அதே கோப்பிக் குவளை. இதைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு என்று விரலால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனார். "அப்போ நெஜமாவே சிரிச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதார். உன் ஓட்டை கேமரா சாட்சி சொல்லாவிட்டால் என் கேமராவை அந்த வீட்டில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சந்தோஷமா உனக்கு?

படையலன்று நீ சுவரில் சிரித்துக்கொண்டிருந்தாய். அடையாள அட்டைப் படத்தை வாசல் பக்கம் மாற்றிவிட்டார்கள், செக் பண்ணுவதற்கு. இலை போட்டு எல்லாரும் கும்பிட்டு முடித்ததும் உன் மகள், "அங்கிள், அப்பா கேமராவுலயே ஒரு படம் எடுங்க" என்றாள். எடுத்தேன். 'டக்-சளக்.'

அடுப்படியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த உன் மனைவி கரண்டியோடு வெளியே வந்தார். கூடத்தில் நின்று உன் நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ எடுங்கண்ணே."

தன்னைத்தான் எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து கேமராவை அவர் பக்கம் திருப்பினேன்.

"படம் வேணாம். சும்மா அழுத்துங்க."

அழுத்தினேன். கரண்டியிலிருந்து பாயசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் போதும் என்று சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை.

கிளம்பும்போது டப்பாவை என் கையிலேயே கொடுத்துவிட்டார். வீட்டில் இருந்தால் அதற்குப் பூஞ்சை பிடித்துவிடும், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு தடவை கொண்டுவாருங்கள் என்றார். அதனால்தான் இன்று தெம்பனிஸ். கார்டைக் கழற்றி வைத்துவிட்டேன். பேட்டரி நிறைந்திருப்பதாகத்தான் காட்டியது. இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டேன்.