டிவி மேடையில் வெள்ளைப் பொடி

ஜனவரி 9

தலையணையில் மறுபடியும் ரத்தம். மூக்கிலிருந்துதான். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்து, ஹீட்டரை இரவு பகலாக ஓடவிட்டால் வீட்டுக் காற்று காய்ந்து மூக்குக்குள் வெடிக்கத்தான் செய்யும். உறையை அலசிக் கொடியில் போட்டேன். அக்கா பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? நாங்கள் பேச்சை நிறுத்தி ஒன்பது மாதம் ஆகிறது.

சாயங்காலம் என் அறை வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே முட்டை வடிவத்தில் ஒரு மெஷின். தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டால் குளிர்ந்த புகை விடுமாம், காற்றில் ஈரம் ஏறுமாம். பேசமாட்டாள், மெஷின் மட்டும் வாங்கித் தருவாள். என்ன பிறவியோ. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, குழாய்த் தண்ணீரைக் கோடு வரை ஊற்றினேன்.

ஜனவரி 12

மூன்று நாளாக மூக்கு சமர்த்தாக இருக்கிறது. நன்றி சொல்லலாம்தான். ஆனால் முதலில் வாய் திறப்பது யார்?

தண்ணீர் ஊற்றி ஆவியில் தேய்க்கும் அக்காவின் அயர்ன் பாக்ஸ் வழக்கம்போல, தைக்கக் கொடுத்த யாருடைய கருப்புக் கோட்டிலோ வெள்ளையாகத் துப்பிவிட்டது. "உனக்கு என்ன கேடு வந்துச்சு" என்று அதைத் திட்டுவது சுவர் வழியாகக் கேட்டது. அதனிடம் பேசுகிறாள்.

ஜனவரி 15

டிவி வைத்திருக்கும் கருப்புக் கண்ணாடி மேடைமேல் வெள்ளையாகப் பொடி. அக்காவின் முகப்பவுடர், வேறென்ன. துடைத்தேன்.

ஜனவரி 16

மறுபடியும் பொடி. ஐம்பத்தொரு வயதில் இவ்வளவு பவுடரா?

ஜனவரி 17

எங்களுக்கு நடுவே தூது போவது கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா. இன்று இரண்டு சேதி கொண்டுவந்தார். ஒன்று, நான் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரியிலிருந்து அச்சு எடுக்கும் மாவைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து வீடெல்லாம் உதிர்க்கிறேனாம். அக்கா சொன்னாளாம். இரண்டாவது, அவள் தைக்கிற கடைக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை பார்த்துவிட்டாளாம். பிப்ரவரி பத்தாம் தேதி போகிறாளாம்.

மாவு விஷயத்தில் எனக்கு வந்த கோபத்தை அரைமணி நேரம் வைத்திருந்தேன். இரண்டாவது சேதியைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்கு அது உதவியது.

எல்லாம் என் வாயால் வந்தது. சித்தி வீட்டில் இருபது பேர் நடுவில், "அக்காவை நான்தான் காப்பாத்தறேன்" என்றேன். எதற்குச் சொன்னேன்? பெருமைக்கு. அப்பா அம்மா போனபின் ஊரார் பேன்ட்டையெல்லாம் ஓரம் மடித்துத் தைத்து என்னைப் படிக்கவைத்தவள், தட்டும் கையுமாக எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். "யாரு யாரைக் காப்பாத்தறது?" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜனவரி 18

மேடையில், பொடிமேல், விரலால் எழுதிய ஒரே ஒரு வார்த்தை: துடை.

ஜனவரி 19

அதற்குக் கீழே எழுதினேன்: உன் பவுடர். நீ துடை.

ஜனவரி 21

நான் மாவு கொண்டுவரவில்லை என்று காட்ட, வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறினேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். குளிரில் பனியனோடு நின்று அவருக்கு வணக்கம் வைத்தேன்.

உள்ளே வந்தால் மேடைமேல் அக்காவின் பவுடர் டப்பா. மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டி, தேதி போட்டு வைத்திருக்கிறாள்.

அப்படியானால் இது யாருடைய பொடி?

ஜனவரி 22

மேடையில்: பால் இல்லை.

வாங்கி வைத்துவிட்டு எழுதினேன்: வாங்கியாச்சு.

ஒன்பது மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான். எனக்கு ஏனோ இன்று முழுக்கச் சிரிப்பாகவே இருந்தது.

ஜனவரி 24

நேற்று இரவு மேடையில்: நீலச் சட்டையில் பட்டன் இல்லை. வெளியே வை.

வைத்தேன். காலையில் பட்டன் இருந்தது. பொடியும் புதிதாகப் படிந்திருந்தது.

ஜனவரி 26

நான் ஒரு மடையன். இதைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பல் கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் மெஷின் என் பொறுப்பு. புது நர்ஸ் அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டாள். பிடித்துக்கொண்டேன். நம் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலுள்ள உப்பு எங்கே போகும், வெள்ளை வெள்ளையாகப் படியும், அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், எத்தனை முறை சொல்வது— என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். முட்டை மெஷின். உப்போடு சேர்த்துத்தான் புகை விட்டுக்கொண்டிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "பதினெட்டு வருஷமா இதே வேலைதானே பாக்கறீங்க?" என்றார். காய்ச்சி ஊற்றினாலும் உப்பு போகாது, அந்தப் பொடியை மூச்சில் இழுப்பது நல்லதில்லை, இன்றைக்கே தண்ணீரை மாற்றுங்கள் என்றார்.

ஜனவரி 27

டிஸ்டில்டு வாட்டர் விற்கும் பேட்டரிக் கடை மூடியிருந்தது.

ஜனவரி 28

கடை மூடவில்லை. நேற்றும் திறந்துதான் இருந்தது. நாட்குறிப்பிடமே பொய் சொல்கிறேன். நல்ல தண்ணீர் ஊற்றினால் பொடி நின்றுவிடும். பொடி நின்றால் அவள் எதில் எழுதுவாள்? நான் எதில் கேட்பேன்? பத்தாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள்தான்.

ஜனவரி 30

அக்கா கடைக்குப் போனதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேடை நீளத்துக்கு மன்னிப்பு எழுதினேன். கடைசி வரியில் தும்மல் வந்துவிட்டது. முக்கால் மன்னிப்பு காற்றோடு போய்விட்டது. மிஞ்சியது 'நான்தான்' மட்டும். அதைப் பார்த்திருந்தால் இன்றைக்கே பெட்டியைத் தூக்கியிருப்பாள். அவசர அவசரமாகத் துடைத்தேன்.

இனி பொடி சேர இரண்டு நாளாகும். மெஷினைப் பெரிய அளவில் திருப்பி வைத்தேன். மன்னிப்புக் கேட்க உப்புக்குக் காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 1

மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பெரிய எழுத்தில், மேடை முழுக்க எழுதினேன்: அன்னைக்குச் சொன்னது பொய். நீதான் என்னைக் காப்பாத்தினே. போகாதே அக்கா.

பிப்ரவரி 2

துடைத்திருக்கிறாள். ஒரு எழுத்து இல்லை. பதிலும் இல்லை.

என்னடா நெனச்சே நீ? ஒன்பது மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு தூசியில எழுதினா எல்லாம் சரியாயிடுமா? போகட்டும். எனக்கென்ன. எனக்கென்னன்னா அப்புறம் ஏன் சாப்பிட முடியல?

பிப்ரவரி 3

கடைக்குப் போய் ஐந்து லிட்டர் கேன் இரண்டு வாங்கினேன். மெஷினை வினிகரில் ஊறவைத்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றினேன். கேன்மேல் 'மெஷினுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினேன்.

பிப்ரவரி 5

மேடை பளபளவென்று இருக்கிறது. என் மூஞ்சிதான் தெரிகிறது. அக்கா அறையில் மூன்று பெட்டி, ஒன்றுக்குக் கயிறும் கட்டியாயிற்று.

பிப்ரவரி 7

காலையில் மேடைமேல் லேசாகப் பொடி. இருக்கவே முடியாது. ஆனால் கேனிலும் தண்ணீர் மளமளவென்று குறைந்திருக்கிறது. ஒன்றும் பிடிபடாமல் வேலைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் சாவி மறந்தது தெரிந்து திரும்பி வந்தேன்.

கூடத்தில் அக்கா. சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீரை மெஷினில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் என் கேன், திறந்தபடி. அதற்குப் பக்கத்தில் அயர்ன் பாக்ஸ்.

என்னைப் பார்த்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"இந்தத் தண்ணி ஊத்தினா அயர்ன் பாக்ஸ் துப்பறதே இல்ல."

"மெஷினுக்குன்னு எழுதியிருக்கேனே அக்கா."

"படிச்சேன்."

"அப்புறம் ஏன் உப்புத் தண்ணிய ஊத்தறே?"

"மேடை பூராவும் நீயே எழுதிட்டே. துடைச்சாதானே நான் பதில் எழுத முடியும்? துடைச்சுட்டு வந்து பாத்தா, நீ நல்ல தண்ணிய ஊத்தி வச்சிருக்கே. அஞ்சு நாளா பொடிக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்."

வாயாலேயே சொல்லேன் என்றேன்.

"நம்ம வீட்டுல வாயால சொன்னது போதும்" என்று சொல்லிவிட்டு, கோடு வரை தண்ணீரை ஊற்றி முடித்தாள்.

சாவியை எடுக்காமலே மறுபடியும் வேலைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 9

தும்மலை அடக்கிக்கொண்டு படித்தேன். அக்காவின் கையெழுத்து, மேடையின் ஓரத்தில், சின்னதாக:

பதினொண்ணாம் தேதியும் பால் வாங்கு. ரெண்டு பேருக்கு.

பிப்ரவரி 10

வீட்டுக்காரம்மா முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு விடைகொடுக்க மேலே வந்தார். அக்கா பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். தண்ணீரை மாற்றினோம் என்றேன்.

பிப்ரவரி 11

பால் வாங்கினேன். மெஷினில் இப்போது நல்ல தண்ணீர்தான். அக்கா அயர்ன் பாக்ஸைத் திட்டுவதில்லை. மெஷினுக்கே ஊற்றி நான் கேனைக் காலி செய்துவிட்டேன் என்று காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.