நீ கட்டியதை நாங்களும் கட்டிப் பார்த்தோம்

பிரியமுள்ள பிரபு அண்ணா,

நீ எங்களை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. வீரபாண்டி டையிங் யூனிட்டில் சாய மிஷின்கள் இன்னும் நீ எழுதிய சாஃப்ட்வேரில்தான் ஓடுகின்றன. நம் ஆபீசில் உன் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். உயரத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் அங்கே ஒரே நேவி ப்ளூ சாயம் ஏற்றிய துணி மூன்று லாட்டும் மூன்று ஷேடில் வந்தன. யூனிட் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. உங்கண்ணன் உடம்பு முடியாதப்ப வந்து கடைசியா ஏதோ ஏத்திட்டுப் போனாருங்க. எங்ககிட்டக் குடுத்த சோர்ஸ் வேற, மிஷின்ல ஓடறது வேறயோன்னு சந்தேகமா இருக்குதுங்க."

இல்லீங்க என்று தங்கை சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? அதே சோர்ஸை, நீ எழுதிய மூல நிரலை, மறுபடி பில்ட் செய்து கோப்பாகக் கட்டினால், மிஷினில் இருக்கும் கோப்போடு ஒரு பைட் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்றேன். அவர்களுடைய கம்ப்யூட்டர் ஆள் தினேஷ் முன்னாலேயே செய்து காட்டினேன். ஒத்துப்போகவில்லை.

முதலாளி எனக்கு டீ சொன்னார்.

அன்று முழுக்க நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன், அண்ணா. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்தாய். எதையாவது மாற்றிவிட்டுக் குறித்துவைக்க மறந்துவிட்டாயோ? இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மறுநாள் இரண்டு கோப்புகளையும் வரிசையாக ஒப்பிட்டேன். எல்லா வித்தியாசத்துக்கும் வேர் ஒரே இடம்தான். உன்னுடையதில் /bin/sed, என்னுடையதில் /usr/bin/sed. பில்டுக்கு உதவும் ஒரு சின்னக் கருவியின் முகவரி, அவ்வளவுதான். நீ வைத்திருந்த பழைய லினக்ஸ் இயங்குதளத்தில் அந்த இரண்டு ஃபோல்டரும் தனித்தனி. கருவி முதலாவதில் மட்டும் இருந்தது. புதிய லினக்ஸில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, எந்த வழியில் போனாலும் கிடைக்கும். பில்ட் தனக்கு முதலில் தென்பட்ட வழியைக் கோப்புக்குள் எழுதிவைத்துவிடுகிறது.

இதையும் நான் சொன்னால் போதாது. பழைய லினக்ஸைத் தினேஷையே இறக்கி, அதில் பில்ட் செய்யச் சொன்னேன். அவர் கணினி, அவர் கை. நான் கீபோர்டைத் தொடவில்லை. முடிந்ததும் அவர் இரண்டு தடவை சரிபார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. ஒரு எழுத்துகூட மாறலீங்க."

அதன் பிறகுதான் மிஷினைப் பிரித்துப் பார்த்தார்கள். நீராவி வால்வு ஒன்று முழுசாக மூடாமல் இருந்திருக்கிறது. சூடு கூடிக் குறைந்து ஷேட் மாறியது அதனால்தான்.

அதற்குள் பேச்சு அண்ணி காதுக்கும் போயிருந்தது. முதலாளியே வீட்டுக்கு வந்தார்.

"உங்க ஊட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லீங்க அம்மிணி."

அண்ணி நிதானமாகச் சொன்னார்: "எனக்குத் தெரியுமுங்க. நான் ஒரு நாளும் சந்தேகப்படலீங்க."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த முகவரியை இப்போது பில்டில் நிலையாகக் குறித்துவிட்டேன். இனி எந்தப் பதிப்பையும் பழைய அமைப்பு, புதிய அமைப்பு இரண்டிலும் கட்டி, இரண்டும் ஒன்றே என்று பார்த்த பிறகுதான் மிஷினில் ஏற்றுவேன். இது வேலைக்காகக் கொடுக்கும் வாக்கு.

இன்னொரு வாக்கும் உண்டு. அந்த ஒரு நாள் நான் உன்னை நம்பவில்லை என்பதை ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மஞ்சு