இடைவேளையோடு எழுந்து போனவளுக்கு

உன் செல்போன் உறையில் இன்னமும் தலைவலித் தைல வாசனை அடிக்கிறது. நேற்று உன் மகள் அதைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்தாள். "சித்தி, அம்மா நல்லா இருக்கிற போட்டோ ஒண்ணு பாத்து எடுங்க. பதினாறாம் நாளுக்குப் பெருசு பண்ணணும். என்னால அதத் தொறக்கவே முடியல," என்றாள். மூன்று வருஷமாக உன்னோடு பேசாத பழைய சிநேகிதிக்கு இந்த வேலை. அந்தப் பிள்ளையின் முகத்துக்காக வாங்கிக்கொண்டேன், உனக்காக இல்லை.

துக்க வீட்டில் தெருவே உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தது. உன் வாயிலிருந்து எந்த நடிகன், எந்தப் பாடகி, எந்த சீரியல் மாமியார் தப்பித்தாள்? அதனால் நானும் உள்ளதைத்தான் எழுதப் போகிறேன்.

ராஜபாளையத்தில் படம் பார்த்தால் உன் மாமியார் வீட்டு ஆட்கள் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று, புதுப்படம் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவோம். எப்போதும் மதியக் காட்சிதான். இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் நீ காலால் செருப்பைத் துழாவுவாய். நாலரைக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். அதற்குள் வீட்டு வாசலில் நீ நிற்க வேண்டும். "நீ இருந்து பாத்துட்டு வாட்டி, நான் போறேன்" என்று கிளம்பிவிடுவாய். மீதிப் படத்தை நான் தனியாகப் பார்ப்பேன்.

படம் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால், மாமியார்களைச் சேர்க்காத தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் உன் குரல் எனக்கு முன்னால் வந்து கிடக்கும். "எல்லாருக்கும் வணக்கம். நான் முழுசா பாத்துட்டுத்தான் சொல்லுதேன். மொதப் பாதி தேவல. ரெண்டாம் பாதி படு மோசம். கடைசில அந்தத் தங்கச்சியக் கொன்னுருக்க வேண்டாம்." படத்தில் தங்கச்சி சாகவே இல்லை. கல்யாணமாகி மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதை உன்னிடம் கேட்டபோது கொஞ்சமாவது கூச்சப்பட்டாயா? "மொதப் பாதியில அந்தப் புள்ளைக்கு அம்புட்டு இருமல் வச்சான்லா? பொறவு சாகலன்னா அது டைரக்டர் தப்பு, நான் என்ன செய்ய?" என்றாய். உன் பேச்சைக் கேட்டுத்தான் நம் தெருவே படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது. நான் ஒருநாளும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாரம் முழுக்கச் சிரிக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு என் பாட்டு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் ஒருவர் ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். கடை திறப்பு விளம்பரமும் திருவிழா அறிவிப்பும் பதிவாகிற இடம். தானே மெட்டுப் போட்ட ஒரு காதல் பாட்டை என்னைப் பாடவைத்து யூடியூபில் ஏற்றினார். சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையிலேயே நின்ற எனக்கு, நாற்பத்தொரு வயதில் கிடைத்த முதல் மைக். இது எடுபட்டால் அடுத்த பாட்டுகளும் உங்களுக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததில்லை. அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் முதல் ஆளாக உனக்குத்தான் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் குழுவில் உன் குரல். "எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெருக்காரி பாட்டு வந்துருக்கு. முழுசா கேட்டுட்டுத்தான் சொல்லுதேன். பல்லவி தேவல. ரெண்டாவது சரணத்துல மேல போகயில எட்டல, தொண்டை நெரிபடுது. சினிமாவுக்கெல்லாம் இது காணாது. வீட்டுக்குள்ள பாடுற குரலு." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். யார் செய்த புண்ணியமோ, அது மாடிக்காரர் வரைக்கும் போனது. அடுத்த பாட்டை வேறொரு பெண் பாடினாள்.

அன்றைக்கு உன் வீட்டு நடையில் நின்று கேட்டேன்.

"கேட்டியா நீ?"

"கேட்டேன்."

"பொய் சொல்லாத."

"முழுசாக் கேட்டேன்டி. உங்கிட்டப் போய் பொய் சொல்லுவேனா?"

"நீ எந்தப் படத்தத்தான் முழுசா பாத்துருக்க? இன்டர்வெல்லோட பஸ் ஏறி ஓடி வாரவதான நீ?"

உள்ளே உன் மாமியார் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தமாகச் சொன்னேன். அதோடு உன் மதியக் காட்சிகள் நின்றன. கொஞ்சமும் வருத்தப்படவில்லை. என் பாட்டை நிறுத்தியவளுக்குப் படம் ஒரு கேடா என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் பாடவில்லை. அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கவும் இல்லை. பல்லவியோடு நிறுத்திவிட்டு மீதியை நீயாக இட்டுக்கட்டிச் சொன்னாய், அந்த இரண்டாவது சரணம் தங்கச்சி செத்த கதைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வருஷம் அந்த ஒரு நினைப்பில்தான் தலை நிமிர்ந்து தெருவில் நடந்தேன்.

நேற்று மதியம் போட்டோவை எடுத்துவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம். யூடியூபைத் திறந்து நீ பார்த்தவற்றின் பட்டியலுக்குப் போனேன். எதை எவ்வளவு தூரம் பார்த்தோம் என்று படத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு காட்டுமே, அது உன் போனில் எல்லாவற்றுக்கும் பாதியோடு நின்றது. சீரியல் பாதி, பேட்டி பாதி, மற்றவர்கள் சொன்ன விமர்சனமும் பாதி. வாய்விட்டுச் சிரித்தேன். அப்படியே தள்ளிக்கொண்டே போனதில் என் பாட்டு வந்தது. கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியிருந்தது.

ஓடவிட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். நீ சொன்ன குறை அதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பாட்டைப் போட்டேன். பல்லவி தேவலை. இரண்டாவது சரணம், மூன்றாவது வரி. மேலே போகும்போது எட்டவில்லை. தொண்டை நெரிபடுகிறது.

சாயங்காலம் போட்டோவை வாங்க வந்த உன் மகள், "அம்மா மேல இன்னும் கோவமா சித்தி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊரில் வந்த படத்துக்கெல்லாம் பொய் சொன்னவளுக்கு எனக்காக ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லையா? உண்மைதான் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து என் காதில் சொல்லியிருக்கக் கூடாதா? நீ பொய் சொன்னாய் என்று நம்பியவரைக்கும் உன்னை என்றைக்காவது மன்னித்துவிடலாம் என்று இருந்தேன். இப்போது அதற்கும் வழியில்லை.

இன்று காலை ஜாக்கெட்டுக்குக் கை வெட்டும்போது, கதவைச் சாத்திக்கொண்டு, சுருதியை அரைக் கட்டை இறக்கி அந்த வரியைப் பாடிப் பார்த்தேன். மூன்று தடவை பாடினேன். எட்டியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லித் தொலைக்க நீ இல்லை.