ஓடை மேட்டில் உட்கார்ந்த நாட்கள்

அக்டோபர் 14, திங்கள்
காலை ஒன்பது மணிக்கு ஓடைப் பாதையை மறித்து உட்கார்ந்தோம். பன்னிரண்டு பெண்கள். கொடைக்கானல் விடுதிகளின் குப்பையை ஒப்பந்தம் எடுத்த ஞானவேல், அதைத் தாண்டிக்குடி ஊருக்குக் கீழே எங்கள் ஓடை மேட்டில் கொட்டுகிறார். டயர், கப், தேங்காய் மட்டை — எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர். தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. போன மாதம் என் மகள் நதியாவுக்கு டெங்கு. ஏழு நாள் ஆஸ்பத்திரி.

லாரி வந்தது. ஓட்டி வந்தவர் என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்தார். லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 15
ஞானவேல் பைக்கில் வந்து நின்று சிரித்தார்.

"நான் எதுக்கு வெரட்டணும்? ஆறு மணியானா கொசுவே வெரட்டிரும்."

அப்படித்தான் ஆனது. ஐந்தரைக்கே ஐந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். கொசுவுக்குப் பயந்தா எந்திரிக்கிறது? அதுவும் அந்தாளு வளத்த கொசுவுக்கு?

அக்டோபர் 16
வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுபோனோம். மலைப்பூண்டை நசுக்கிப் பூசினோம் — நாறியதுதான் மிச்சம். எலுமிச்சைப்புல்லைக் கசக்கித் தேய்த்தால் கால் மணி நேரம். தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெயைக் கலந்து தடவினால் ஒரு மணி நேரம் தாங்குகிறது. அப்புறம் மறுபடி தடவ வேண்டும். தடவுவோம்.

அக்டோபர் 17
எஸ்டேட்டில் என்னோடு காபிப் பழம் பறிக்கும் முனியாயி இரண்டு கட்டு நொச்சி கொண்டுவந்தாள். காய்ந்த சாண எருவாட்டியைக் கனியவிட்டு அதன்மேல் பச்சை இலையைப் போட்டாள். காற்று வரும் பக்கமாக வைத்ததால் புகை எங்கள் மேலேயே படர்ந்தது. கண் எரிந்தது. கொசு விலகியது. ஏழு மணி வரை ஒருத்தியும் எழவில்லை.

அக்டோபர் 19
மழை. புகை பிடிக்கவில்லை. கடி வாங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்: "வேல போச்சுன்னா சோத்துக்கு என்ன வழி?"

"ஆஸ்பத்திரில அவ கையப் புடிச்சுக்கிட்டு நீங்களுந்தான ஒக்காந்திருந்தீங்க?"

துண்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் படுக்கப் போய்விட்டார். நான் செய்யிறது தப்பா? தப்பில்ல. தப்பே இல்ல.

அக்டோபர் 20
பேச்சில்லை. சோறு மட்டும் போட்டேன்.

அக்டோபர் 21
செவிலியர் பிரியா வந்தார். டெங்குக் கொசு பகலில்தான் அதிகம் கடிக்குமாம். எண்ணெயும் புகையும் அந்தந்த நேரத்துக்குத்தான், தேங்கிய தண்ணீரைக் கொட்டாமல் நோய் நிற்காது என்றார். பாதையில் நாலு பேரை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் குப்பைக்குள் இறங்கினோம். டயர்களை மட்டும் எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றையும் சரித்துத் தண்ணீரைக் கொட்டினோம். புழு நெளிவதைப் பிரியா போனில் படம் எடுத்து மேலதிகாரிகளுக்கு அனுப்பினார்.

அக்டோபர் 25
அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். குப்பையை அவரே அள்ள வேண்டும், இனிக் கொட்டக் கூடாது என்று ஞானவேலிடம் எழுதி வாங்கினார்கள். இன்று அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம அள்ளிர்றேன். எந்திரிச்சுப் போங்க."

"அள்ளுனப்பறம் எந்திரிக்கிறோம்" என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு
லாரி காலியாக வந்தது. ஓட்டி வந்தவர் என் வீட்டுக்காரர்தான். ஆட்களோடு நாங்களும் சேர்ந்து டயர்களைத் தூக்கிப் போட்டோம். ஆறு நடை. கடைசி நடையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து என் முன்னால் லாரியை நிறுத்தினார்.

"ஏறு. வீட்டுல எறக்கி விடுறேன்."

எட்டு நாளைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

"எல்லாரும் ஏறுனா ஏறுறேன்."

அவர் இறங்கிப் பின்னால் போய்க் கதவைத் திறந்து விட்டார்.