மதினிக்குத் தெரியக் கூடாதது

பங்குனி 28, திங்கள். கண்டி.

காலையில் பனி. பத்து மணிக்கு நல்ல வெயில். மூன்று மணிக்கு இடியும் மழையும். தினமும் இப்படித்தானாம்.

மதினி வீடு அவர்கள் ஜவுளிக்கடைக்கு மேல்மாடி. இவருக்கு மூத்த அக்கா. கடை, வீடு, தம்பி, எல்லாம் அக்கா சொல்படி. நாற்காலியை இங்கே கதிரை என்கிறார்கள். ராசுவுக்கு அதில் ஒரே சிரிப்பு. ஏழு வயது. கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னதை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறான்.

செண்பகத்துக்குப் பன்னிரண்டு முடிந்தது. மதினி அவளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இட்லி வைத்தார்.

"இன்னும் பெரியவளாகலையாட்டி?" என்று என்னிடம்.

"இல்ல மதினி."

"ஆனா உடனே சொல்லு. இங்க இருக்கும்போதே ஆயிட்டா ரொம்ப நல்லது. அத்தைக்காரி நானே சடங்கு வச்சு, பிள்ளைய இங்கேயே நிறுத்திக்கிடுதேன். பெறவு சுப்பையாவுக்கு முடிச்சிரலாம்."

சுப்பையா அவர் மகன். இருபத்தாறு வயது. நல்ல பையன்தான். செ. பிறந்தபோது மீசை அரும்பிக்கொண்டிருந்தவன். இவர் இட்லியைப் பார்த்தபடி தலையாட்டினார். அக்கா முன்னால் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

பார்க்க வேண்டியவை: பேராதனைத் தோட்டம், யானைக் குளியல், ஏரி, புத்தர் பல் இருக்கிற தலதா மாளிகை. ஊர் திரும்புவது சனி. செ.க்கு ஜூனில் ஏழாம் வகுப்பு.

பங்குனி 29, செவ்வாய்.

வாடகைக் காரில் பேராதனை. டிரைவர் இந்த ஊர் முஸ்லிம் பெரியவர். "ஆத்தோரம் வழுக்கும் தங்கச்சி, பிள்ளைகள கையில புடிச்சிக்கோங்க" என்றார். என்னைத் தங்கச்சி என்றது பிடித்திருந்தது.

மரங்கள் மரங்கள். இரட்டைத் தேங்காய் காய்க்கிற மரம். யானைக்கால் தண்டி மூங்கில். வாத்தியாரம்மா எழுதி வரச் சொன்னாராம், செ. ஒவ்வொரு பெயர்ப்பலகை முன்னாலும் நின்று நோட்டில் எழுதினாள். மதினி நிழலில் வெற்றிலையோடு.

பிறகு மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து, "அம்மா, நீ மட்டும் வா."

பார்த்ததும் தெரிந்துவிட்டது.

முகம் வெளுத்துப் போய் நின்றாள். முதல் கேள்வி: "அப்ப நான் இங்கேயே இருக்கணுமா?"

"யாரு சொன்னா? கப்பல் ஏறுவ. ஏழாங்கிளாஸ் போவ."

"அத்தைகிட்ட?"

"மூச்சு விடாத."

ராசுவின் துண்டைக் கிழித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினியிடம் நான்தான் தூரம் என்று சொல்லிவிட்டேன். பின்கட்டு அறை கிடைத்தது. துணி துவைத்துக் காயப்போட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. "செண்பகம் என்னத் தொட்டுட்டா மதினி." அவ்வளவுதான், "அப்ப அவளும் அங்கேயே கெடக்கட்டும், அடுக்களைப் பக்கம் வரப்படாது" என்று மதினியே உத்தரவு போட்டார். உங்கள் சாஸ்திரத்துக்குக் கோடி நமஸ்காரம், மதினி.

எனக்கு ஆனது ஐந்தாம் வகுப்பில். பதினாறு நாள் மூலை. வெளியே வந்தால் என் புத்தகங்கள் இல்லை, சித்தி பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரம் இத்தனை வருஷம் எங்கே கிடந்ததோ, இன்று எழுந்து வந்துவிட்டது.

ஒரே பயம். என் நாள் புறப்படுவதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது. இவருக்குத் தெரியும்.

பங்குனி 30, புதன்.

யானைக் குளியல் பார்க்கக் கட்டுகஸ்தோட்டை. போகக் கூடாதென்று மதினி ஒரு மூச்சு கத்தினார். "தீட்டோட யானையப் பாக்கவா போற?"

"யானை ஒண்ணும் சொல்லாது மதினி. கார் நேத்தே பேசியாச்சு."

மதினி வரவில்லை. இவரும் ராசுவும் முன்னால். தீட்டுக்காரிகள் இரண்டு பேருக்கும் பின் சீட் முழுவதும். மகாராணிகள்!

ஆற்றில் யானைகள் ஒருக்களித்துப் படுத்திருக்க, பாகன்கள் தேங்காய் மட்டையால் தேய்க்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரி படம் எடுத்தாள். செ. தன் கையாலேயே வாழைப்பழம் கொடுத்தாள். தும்பிக்கை ஈரம் பட்டதும் அப்படி ஒரு சிரிப்பு. மூலையில் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய பெண்ணாம். சிரிக்கட்டும்.

சித்திரை 1, வியாழன்.

வருஷப் பிறப்பு. எங்கும் வெடிச் சத்தம். கடைகள் அடைப்பு. வீட்டில் எல்லோரும் கதிரேசன் கோயிலுக்கு. எங்கள் இருவருக்கும் தடை.

முருகா, உன்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. மதினியிடம் சொன்ன பொய்க்கு எனக்கு வருத்தமும் இல்லை.

அவர்கள் தலை மறைந்ததும் நானும் செ.யும் ஏரியைச் சுற்றி நடந்தோம். ஆண் துணை இல்லாமல், முழுச் சுற்று. வயிறு வலித்தபோது மட்டும் கரைச் சுவரில் உட்கார்ந்தாள். மழைக்கு முன் திரும்பிவிட்டோம்.

சித்திரை 2, வெள்ளி.

மாட்டிக்கொள்ளப் பார்த்தோம்.

மத்தியானம் செ. சுருண்டு படுத்திருந்ததை மதினி பார்த்துவிட்டார். நேரே இவரிடம். நான் கதவுக்குப் பின்னால்.

"தம்பி, பிள்ள வயித்தப் பிடிச்சிட்டுக் கெடக்கா. எனக்குச் சந்தேகமா இருக்கு. ஒம் பொண்டாட்டி எதையோ மறைக்கா. நீ சொல்லு, என்ன விஷயம்?"

இவர் கதவிடுக்கில் என்னைப் பார்த்தார். கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. முந்தின வாரம், நான் தனியாகப் படுத்த நாட்கள். எல்லாம் புரிந்துவிட்டது. இப்போது தலையாட்டப் போகிறார், என் பிள்ளை இந்த மாடியோடு போச்சு என்று நினைத்தேன். வெளியே வந்து சண்டை போடவே ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன்.

"யானைக்கு வாங்கி மிஞ்சுன பழத்த எல்லாம் இன்னைக்குப் பிள்ள தின்னுட்டாக்கா" என்றார். "செமிக்கல."

மதினி சுக்குக் கஷாயம் அனுப்பினார். செ. முகம் சுளித்துக் குடித்தாள்.

சித்திரை 3, சனி. ரயிலில்.

வெயில். மலை இறங்குகிறது. ராசு தூக்கம். செ. ஜன்னலோரம், நோட்டில் ஏதோ எழுதுகிறாள்.

கடுகண்ணாவை ஸ்டேஷன் தாண்டியதும் இவர் கேட்டார். "ஊருல போயி சொல்லிருவியா?"

"மாட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"எட்டாங்கிளாஸ் பரீட்ச எழுதுற வரைக்கும்."

"ரெண்டு வருஷமா!" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாசத்துல ரெண்டு தடவ நீ ஒதுங்கி உக்காந்தா எங்க அம்மா என்ன நினைப்பா?"

"எனக்குத் தீராத சீக்குன்னு நினைச்சுக்கிடட்டும்" என்றேன்.